குட்டி பைக்கைப் பிடித்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள்: ஒரு மினி பஸ் ஓட்டுநரின் திறந்த மடல்

நீலகிரியில் போக்குவரத்தையும் சாலைப் பாதுகாப்பையும் கவனிக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். குன்னூரிலிருந்து எஸ்டேட் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறவன் நான். லாம்ஸ்ராக் ரோட்டில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பொம்மை மாதிரி முழங்கால் உயரத்தில் இன்ஜின் வைத்த குட்டி பைக் ஒன்று வளைவில் எதிரே வந்தது, நான் பிரேக் அடித்தேன், பஸ்ஸுக்குள் நின்றிருந்த ஓர் அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பஸ்ஸுக்கு நம்பர் இருப்பதால் வழக்கு என் மேல் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மடல் வேறு ஒன்றைக் கேட்பதற்காக: நம்பர் பிளேட் இல்லாத அந்தக் குட்டி பைக்குகளை ரோட்டில் பார்த்தால் பிடியுங்கள். பிடித்ததை அபராதம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எஸ்டேட் ரோட்டில் ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டின் மேல் மட்டும் இருந்தால் போதாது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதைத் தேயிலைச் செடிக்கு மேலாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். செடியை இடுப்பு உயரத்துக்கு மேல் வளர விடமாட்டார்கள். அதனால் எதிரே கார் வந்தால் கூரை தெரியும், பைக் வந்தால் ஹெல்மெட் தெரியும், கொழுந்து மூட்டை தூக்கி வருபவர் என்றால் மூட்டையாவது தெரியும். அதற்கேற்ப ஒதுங்கி நிற்போம். குட்டி பைக்கில் குனிந்து உட்கார்ந்தால் பெரிய ஆளின் தலையே செடிக்கு மேலே தெரிவது கஷ்டம். அன்றைக்கு உட்கார்ந்திருந்தது பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பையன். வளைவு திரும்பி, என் பஸ்ஸின் முகப்புக்குக் கீழே அவன் ஹெல்மெட் இல்லாத தலை தெரிந்தபோதுதான் ஒரு வண்டி வந்திருப்பதே எனக்குத் தெரியும். செகண்ட் கியரில் இறங்கிக்கொண்டிருந்ததால் வண்டி நின்றது. வளைவில் ஹாரன் அடித்தேனா என்று கேட்டார்கள். அடித்தேன். அந்த இன்ஜின் போடுகிற இரைச்சலில் ஓட்டுகிற பையனுக்கு எதுவும் கேட்காது. பதிலுக்கு அடிக்க அவனிடம் ஹாரனும் இல்லை. மேகம் இறங்கி மூடியிருந்த நேரம், அதில் விளக்கும் இல்லை.

பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, நல்லவேளை. ரோட்டோரம் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அப்பா ஓடி வந்து பையனைத் தூக்கினார், அப்புறம் பைக்கைத் தூக்கினார். இருபது கிலோ சுமாருக்குத்தான் இருக்கும் அது. கார் டிக்கியில் போட்டு மூடிவிட்டு, பஸ்ஸுக்குள் யாருக்காவது அடிபட்டதா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். நாங்கள் அந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது கார் அடுத்த வளைவைத் தாண்டியிருந்தது.

அந்த அம்மா கொழுந்து பறிப்பவர். நிரந்தர வேலை இல்லை, போனால்தான் கூலி. முறிந்தது வலது கை. கொழுந்தைக் கையால் பறித்தாலும் சரி, கத்தரி வைத்து வெட்டினாலும் சரி, இரண்டு கையும் வேண்டும். மாவுக்கட்டு பிரித்த பிறகும் பழையபடி விரல் ஓட நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இடது கையால் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். தலை பின்னப் பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாளாம். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: "உங்க மேல தப்பு இல்ல தம்பி. நான்தான் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சிருக்கணும்."

கம்பியைப் பிடிக்காதது அவர் தப்பு. பிரேக் அடித்தது என் தப்பு. பைக் ஓட்டியது மட்டும் யார் தப்பும் இல்லை.

புகார் சொல்லப் போன இடத்தில் ஒருவர், "பொம்மை வண்டிக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடுறது?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் படித்தேன். உங்களுக்குத் தெரியாத எதையும் சொல்லப் போவதில்லை, சிரித்தவருக்காகச் சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 2(28)ஆம் பிரிவில் எது மோட்டார் வாகனம் என்று சொல்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, இன்ஜின் 25 சிசிக்கு மேல் போகாவிட்டால் விலக்கு. இந்தக் குட்டி பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது 49 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். விற்கிறவர்கள் "50 சிசிக்குக் கீழ், லைசென்ஸ் தேவையில்லை" என்று சொல்லி விற்கிறார்கள். 50 சிசி கணக்கு வேறு: 18 வயது ஆகாதவர், 16 முடிந்திருந்தால், 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்டலாம் என்கிறது 4ஆம் பிரிவு. அப்போதும் லைசென்ஸ் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. "இது ரோட்டுக்கான வண்டியே இல்லை, அதனால் சட்டம் பொருந்தாது" என்று இன்னொரு வாதமும் கேட்டேன். ரோட்டுக்கான வண்டி இல்லையென்றால் ரோட்டில் அதற்கு என்ன வேலை?

பேட்டரியில் ஓடும் குட்டி வண்டிகளுக்கும் வரம்பு இருக்கிறது. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ளே இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதைத் தாண்டினால் அதுவும் மோட்டார் வாகனம்தான்.

எந்த செக்‌ஷன் என்று கேட்டாரே, அதற்கு வருகிறேன். 2019இல் சேர்த்த 199ஏ பிரிவு, சிறுவர் ஓட்டினால் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதச் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டியின் பதிவை ஓராண்டுக்கு ரத்து செய்யவும் சொல்கிறது. பதிவே இல்லாத வண்டியில் எதை ரத்து செய்வது என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 207ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாமல், வயது இல்லாமல், பதிவு இல்லாமல் ஓடும் வண்டியைப் போலீஸ் பிடித்து வைக்கலாம். உரிமையாளர் உரிய ஆவணங்களோடு வந்து கேட்டால், சரிபார்த்து விடுவிக்கலாம். இந்தப் பைக்குகளுக்கு அந்த ஆவணம் எங்கிருந்து வரும்? ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று வாங்கிய மாடல் இல்லை, அதனால் பதிவு கிடையாது. பதிவு இல்லாததற்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஆகவே சட்டப்படி பார்த்தால் பிடித்த பைக் திரும்பிப் போகவே வழியில்லை. ஆனால் எப்படியோ போய்விடுகிறது. ஒரு தொகை கட்டிவிட்டு அடுத்த லீவுக்கு அதே பைக்கோடு மேலே வந்துவிடுகிறார்கள். எவ்வளவு அபராதம் போட்டாலும் அதைச் சுற்றுலாச் செலவோடு சேர்த்துக்கொள்கிறவர்கள் இவர்கள். பைக் போனால்தான் உறைக்கும்.

என் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்மிட், எஃப்சி என்கிற தகுதிச் சான்று, டாக்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று, எனக்கு லைசென்ஸ், பேட்ஜ், காக்கிச் சட்டை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு தீர்ந்திருந்தால்கூடக் கேள்வி வரும். வரட்டும், ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையில் ஓட்டுகிறவனிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இண்டிகேட்டர் பல்பு எரியாததற்கு என்னை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கும்போதே, இண்டிகேட்டரே இல்லாத ஒன்று கண்ணெதிரே போனது. என்னிடம் ரசீது எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

மலையில் நீங்கள் நினைத்தால் முடியாதது இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளைத் தடுத்தீர்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மேலே வர முடிவதில்லை. மலை ஏறும் வழியில் கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் உள்ள சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று காரைத் திறந்து பார்க்கிறீர்கள், நல்ல காரியம். அதே டிக்கியில் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பைக் படுத்திருக்கிறது. பாட்டிலைப் பிடுங்கிவிட்டு, பைக்குக்குப் பயணம் இனிதாகட்டும் என்று வழிவிட்டுவிடுகிறோம்.

எல்லாம் வெளியூர்க்காரர்கள் என்றும் சொல்ல மாட்டேன். குன்னூரில் பெட்போர்டு பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கிறதே, அது நம் ஊர்ப் பிள்ளைகள்தான். காட்டெருமை ரோட்டுக்கு இறங்கி வரும் நேரம் அது. அதற்கு முன்னால் முழங்கால் உயர வண்டியில் போய் நிற்கும் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் யாருக்காவது கவலை இருக்கிறதா, தெரியவில்லை. ரோட்டில் இருக்கிற குழிகளைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். பஸ் சக்கரம் இறங்கி ஏறுகிற குழியில் அந்தக் குட்டிச் சக்கரம் முழுசாக உட்கார்ந்துவிடும். தேயிலைத் தோட்டத்தை ஸ்டுடியோவாக்கி, வளைவிலேயே காரை நிறுத்தி ரீல்ஸ் எடுப்பவர்களைப் பற்றி இன்னொரு மடல். சரி, கோபத்தில் எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பிள்ளைகள் பைக் ஓட்டக் கூடாது என்பது என் கட்சி இல்லை. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பந்தயப் பாதையே இருக்கிறது. சொந்த நிலம் இருக்கிறவர்கள் வேலிக்குள் ஓட்டட்டும், ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு யாராவது பெரியவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். பொது ரோட்டில் மட்டும் வேண்டாம்.

சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறுவதற்கு முன்னால், தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் பாட்டிலுக்குப் பார்க்கிற ஆட்களிடம் டிக்கியில் பைக் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், ரோட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்று தமிழிலும், மலையாளத்திலும், கன்னடத்திலும் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, கார் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சம்பவம் நடந்தபின் யாரைத் தேடுவது என்ற கேள்வியாவது இருக்காது. அதையும் மீறி ரோட்டில் இறக்கினால் 207இல் பிடித்து வையுங்கள். யாராவது திரும்பக் கேட்டு வந்தால் ஆர்சி புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தாராளமாகக் கொடுத்து அனுப்புங்கள்.

மரியாதையுடன்,
குன்னூர் மினி பஸ் ஓட்டுநர் ஒருவர்