பாடசாலை விட்டபின் ஒரு வகுப்பறை: யாழ்ப்பாணத்து அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கு வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பாடசாலை விட்டபின் கிழமையில் இரண்டு நாளாவது ஒரு வகுப்பறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் கூடியிருந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்யட்டும்.

போன தவணை ஒரு மாணவி தன் ரியூசன் வினாத்தாளைப் புத்தகத்துக்குள் ஒளிப்பதைக் கண்டேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிடுவாள் என்ற பயம். "வெளியிலை குடுக்கக்கூடாது எண்டு சொன்னவை, ரீச்சர்" என்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை வரிசை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு. மருத்துவபீடத்தை நினைத்துப் படிக்கும் பிள்ளைக்கு, பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியில் நாலாம் தசமதானமும் பெரிது. பக்கத்து வாங்குக்காரி முந்திவிட்டால் என்ற எண்ணம் வரத்தான் செய்யும். அதற்காகப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் கண்ட இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒடுக்கற்பிரிவை, அதாவது நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கை பாதியாகக் குறையும் கலப்பிரிவை, ஆண்டாண்டாகக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு ஓர் இடைவேளையில் ஒரு மாணவி அதைத் தோழிக்கு ஈர்க்கால் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றிலிருந்து எட்டுத் துண்டு: நாலு நீளம், நாலு கட்டை. ஒரே அளவானவற்றை இரண்டிரண்டாக நூலால் கட்டி நாலு நிறமூர்த்தங்கள் ஆக்கினாள். முதலாம் பிரிவு என்று சொல்லி நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். தோழி கேட்டாள்: "அப்ப ரெண்டாம் பிரிவிலை என்ன பிரியும்?" இவள் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஈர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூலை மறுபடி கட்டி, ஒரே அளவான நிறமூர்த்தச் சோடிகளை மட்டும் இரு பக்கமாகப் பிரித்தாள். இரண்டாம் பிரிவில்தான் கட்டு அவிழ்ந்தது. கடைசியில் நாலு கலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நீளம், ஒரு கட்டை. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை அவள். அந்தப் பிழை பரீட்சை மண்டபம்வரை அவளோடு போயிருக்கும். என் கரும்பலகைப் படம் அதைப் பிடிக்கவில்லை, தோழியின் ஒரு கேள்வி பிடித்தது.

விடை எழுதுவதிலும் இப்படித்தான். இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்துக்குள் நாலு அமைப்புக் கட்டுரை வினாக்களையும், ஆறு கட்டுரை வினாக்களில் நாலையும் முடிக்கவேண்டும். காழினூடாக, அதாவது தாவரத்தில் நீரைக் கடத்தும் இழையத்தினூடாக, நீர் மேலேறுவதைப் பற்றி ஒரு பிள்ளை ஒரு பக்கம் எழுதியிருப்பாள், இலையிலிருந்து நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுப்பைக் குறிக்கும் ஆவியுயிர்ப்பு இழுவை என்ற சொல் மட்டும் இருக்காது. தன் தாளில் கண்ணுக்குப் படாத அந்த இடைவெளி, புள்ளித்திட்டத்தை வைத்துக்கொண்டு தோழியின் தாளைத் திருத்தும்போது உடனே படும்.

நான் உயர்தரம் படித்தது 1990களின் தொடக்கத்தில். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாலுபேர் இருந்தோம். கையால் பிரதிபண்ணிய ஒரே வினாத்தாளை ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் விடை சொன்னோம். யாரிடமும் ஒளிக்க எங்களிடம் இரண்டாவது தாள் இருக்கவில்லை. இன்றைய பிள்ளைகளிடம் தாள்கள் குவிந்திருக்கின்றன, கூடியிருக்கத்தான் இடமில்லை. ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைக்கும், தீவுப்பகுதியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த இடம் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

கூடினால் கதைதான் நடக்கும் என்பீர்கள். கொஞ்சம் நடக்கும், நடக்கட்டும். நாலரைக்கு முடித்தால் இருட்டமுன் எல்லோரும் வீடு போய்ச் சேரலாம். பாடசாலைகளுக்குப் பரீட்சை நடத்தும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள்களும், பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளும் உங்கள் அலுவலக அலுமாரியில் இருந்தால், அவற்றை அந்த அறை மேசையில் வையுங்கள். வேறு செலவு ஏதுமில்லை.

அறைத் திறப்பு யார் பொறுப்பில் இருப்பது என்பதுதான் தடையென்றால், என் பாடசாலையில் அதை என்னிடம் தாருங்கள். செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்கு நான் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.