ரம்பொடையில் லொறியை நிறுத்திய அண்ணனுக்கு நன்றி

மரக்கறி ஏற்றிய எங்கள் டீசல் கெப், ரம்பொடை ஏற்றத்தில் 'கிர்ர்' என்று கத்தத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் ஏறியது. என்ஜினே போய்விட்டதென்று பயந்து நின்றோம். கேட்காமலே லொறியை ஓரங்கட்டி, எங்கள் பின்சில்லுக்குக் கல் வைத்துவிட்டுத்தான் பொனட்டைத் திறந்தீர்கள் அண்ணே.

முதலில், என்ஜினுக்கு முன்னால் தண்ணீர் பம்பையும் மற்ற புல்லிகளையும் சுற்றவைக்கும் பெல்ட்டின் பள்ளங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தீர்கள். சத்தம் மாறவில்லை, பெல்ட் வழுக்கவில்லை என்றீர்கள். பிறகு என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டீர்கள். தண்ணீர் பம்ப் சுற்றாததால் அதற்கு மேல் ஓட்டக் கூடாதாம். சத்தம் அடியோடு நின்றது; அப்படியென்றால் கோளாறு என்ஜினுக்குள் இல்லை. என்ஜினைத் திறக்கும் செலவு அந்த ஒரு சோதனையில் மிச்சம்!

அடுத்து ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றினீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வழுவழுவென்று சுற்றியது. பெல்ட்டை வழிநடத்த மட்டும் சுற்றும் ஐட்லர் புல்லிதான் மணல் அரைபடுவதுபோல் கரகரத்து, பக்கவாட்டில் ஆடியது. பெயாரிங்கில் கிரீஸ் வற்றியிருந்தது. அது இறுகிப் பெல்ட் அறுந்திருந்தால் சார்ஜும் போய், என்ஜினும் கொதித்திருக்கும்.

உங்கள் லொறியிலேயே நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய், புதுப் புல்லி வாங்கி வந்து மாட்டி, பெல்ட் நேராக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள். கூலியும் வாங்கவில்லை. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணே, உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.