குருவி பார்க்கக் காற்றுப் பார்க்கிறார்கள்

சிகாகோ,
மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மீன்பிடித் தடைக்காலம் ஆகையால் படகு மண்டபம் கரையில்தான் கிடக்கும், உங்களுக்கும் படிக்க நேரமிருக்கும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். ஜூன் 14 வரைக்கும் அம்மாவோடு சண்டை வேண்டாம்.

இங்கே குளிர் ஒருவழியாக விட்டது. மிச்சிகன் ஏரி பார்வைக்கு நம் வடக்குக் கடல்தான். அக்கரை தெரியாது, அலையும் உண்டு. உப்பு மட்டும் இல்லை, கருவாட்டு மணமும் இல்லை.

ஏரிக்கரையில் மான்ட்ரோஸ் என்று ஒரு முனை இருக்கிறது. ஒரு காலத்தில் ராணுவம் இருந்த இடம். அவர்கள் மறைப்புக்கு வைத்த புதர்வேலி இன்னும் நிற்கிறது. மே மாதம் விடிவதற்குள் அங்கே பைனாகுலரும் கையுமாக ஆட்கள் கூடிவிடுவார்கள். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த சின்னக் குருவிகள் கனடாக் காட்டுக்கு முட்டையிடப் போகிற வழி இது. இரவில்தான் பறக்கும். விடியும்போது தண்ணீருக்கு மேல் மாட்டிக்கொண்டவை கண்ணில் பட்ட முதல் மரத்தில் வந்து இறங்கும்.

இரவு ஷிப்ட் முடிந்து போகும்போது நானும் நிற்பேன். அங்கே வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் குருவியைப் பற்றிப் பேசுவதைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ராத்திரி தெற்கிலிருந்து சோழகம் அடித்தால் கூட்டம் கூட்டமாக வடக்கே ஏறும். நடுவில் வாடை திரும்பினாலோ மழை பிடித்தாலோ அப்படியே கீழே இறங்கிவிடும். மழை காட்டும் ரேடாரிலேயே பறவைக் கூட்டமும் தெரிகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதை வைத்து ராத்திரி எவ்வளவு பறக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். பெரியவர் அதையும் பார்ப்பார். ஆனால் வாசலில் நின்று காற்றுப் பார்த்த பிறகுதான் கிளம்புவாராம். ஆலாப் பறவை மீனுக்கு விழும் இடத்தைப் பார்த்து நீங்கள் வள்ளத்தைத் திருப்பியதை அவரிடம் சொன்னேன். மனிதர் விடாமல் கேள்வி கேட்டார்.

பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்று ஒன்றைக் காட்டினார். எடை பத்து கிராம் இருந்தால் அதிகம். தொண்டை அடுப்புத் தணல் மாதிரி இருக்கிறது. ஆண்டீஸ் மலைப்பக்கமிருந்து வருகிறதாம், நம்பவே முடியவில்லை.

அப்புறம், நம்மூர் உப்புக்கொத்தியின் இனத்தில் ஒரு ஜோடி 2019-ல் இங்கே மணலில் முட்டையிட்டது. அழிந்துவரும் வகை என்பதால் கூட்டைச் சுற்றி வேலி போட்டுக் காவல் இருந்தார்கள். அந்தக் கரையில் நடக்கவிருந்த பெரிய பாட்டுக் கச்சேரியே ரத்தானது!

எல்லாம் நல்லதாக இல்லை. நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களில் பறவைகள் மோதிச் சாகின்றன. விளக்கு வெளிச்சம் இழுத்துவிடுகிறது. 2023 அக்டோபரில், தெற்கே திரும்பும் சமயம், மெக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே கட்டடத்தில் ஒரே நாளில் ஆயிரம் போலச் செத்தன. மறுவருடம் பறவைகளுக்குக் கண்ணாடி தெரியும்படி அது முழுக்கப் புள்ளி ஒட்டினார்கள். விடிகாலையில் காகிதப் பையோடு ஆட்கள் நடந்து, மயங்கிக் கிடப்பவற்றை எடுத்துப் போவதை நானே பார்க்கிறேன்.

தனுஷ்கோடியில் பூநாரை இந்த வருடம் எதுவரை நின்றது? உள்ளான் கூட்டம் கிளம்பிய சமயத்தில் என்ன காற்று அடித்தது என்று தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பணம் அனுப்பியிருக்கிறேன், வலைக்குப் போக மிச்சத்தை அம்மாவிடம் கொடுங்கள்.

உங்கள் அன்பு மகன்