அவர்கள் சொல்வதற்குள் நீயே சொல்லிவிடுகிறாய்

அன்புள்ள தம்பி,

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கூட்டாளிகள் நல்ல பிள்ளைகள். தேக்கோங் தீவு ராணுவ முகாமில் உன்னோடு ஒன்றாகக் கிடந்தவர்கள், உன் கல்யாணத்தில் நாற்காலி தூக்கிப் போட்டவர்கள். ஆனால் போன மாதம் உன் பொங்கோல் வீட்டு விருந்தில், வேலை போனதை வைத்து உன்னை "தவுக்கே", அதாவது முதலாளி, என்று ஒருவன் ஆரம்பித்தான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "தவுக்கேக்கு என்ன, தினமும் பப்ளிக் ஹாலிடே." எல்லோரையும் விட நீதான் சத்தமாகச் சிரித்தாய். கொஞ்ச நேரம் கழித்து நீயே எடுத்துக்கொடுத்தாய்: "பொண்டாட்டி சம்பளத்துல சாப்பிடுற சுகமே தனிடா." மருமகள் பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, நீ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாய்.

அவர்கள் ஓட்டியதைவிட நீ உன்னையே ஓட்டிக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்தவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலிக்காது என்று நினைக்கிறாய். தினமும் வாய் சொல்வதை ஒரு நாள் மனசு நம்பிவிடும், தம்பி. கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டின் 2003-ல் நகைச்சுவையை நான்கு விதமாகப் பிரித்தார். அதில் ஒன்று, மற்றவர்களைச் சிரிக்க வைப்பதற்காகத் தன்னையே மட்டம்தட்டிக்கொள்வது. அதை அதிகம் செய்பவர்களிடம் தன்மதிப்புக் குறைவும் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்பட்டன. படித்தபோது உன் முகம்தான் வந்தது.

நானும் முகாமில் இருந்தவன்தான். இரவுப் பயிற்சிக்கு முகத்தில் கறுப்புச் சாயம் பூசும்போது "உனக்கு எதுக்குடா இது, மிச்சம் பிடி" என்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நாள் கேன்டீனில் பக்கத்துக் கட்டில்காரர் தனியாகக் கேட்டார்: "அப்படிச் சொல்றது உனக்குக் கஷ்டமா இருக்கா?" ஆமாம் என்றேன். அடுத்த முறை ஒருவன் வாயைத் திறந்தபோது அவர்தான் "போதும், வேற பேசு" என்றார். அத்தோடு நின்றது. நம் வீட்டு விசேஷம் எதையும் தவறவிடாத, பூன் லேயில் இருக்கும் மாமாதான் அவர். இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார், என் குறட்டையை, என் கஞ்சத்தனத்தை. அதெல்லாம் உறைப்பதே இல்லை. எதைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

நம்மவர்களிடம் மாமன் மச்சான் கேலி இல்லாத கல்யாணம் உண்டா? ஆனால் அந்த மச்சான்தான் சீரோடு வருவான், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பான். அந்த உரிமையில்தான் கேலி செய்கிறான். உன் கூட்டாளிகளும் அப்படி நிற்கக்கூடியவர்கள்தான் என்று நினைக்கிறேன். உனக்கு வலிப்பது அவர்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நீ சிரிக்கிறாய். அவர்களில் யாருக்கு என்ன கவலையோ, அதுவும் உனக்குத் தெரியாது. ஆம்பளைகள் கூடினால் சம்பளம், தொப்பை, முடி எல்லாவற்றையும் கிண்டலாகப் பேசிவிடலாம். "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் தற்கொலையால் இறப்பவர்களில் பெண்களைவிட ஆண்களே அதிகம். இந்த மௌனத்துக்கும் அதில் பங்குண்டு என்றே நம்புகிறேன்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். வாட்சப் குழுவில் வேண்டவே வேண்டாம். ஒருவனை மட்டும் காப்பிக் கடைக்குக் கூப்பிடு. "வேலை விஷயத்தை மட்டும் விடுடா, தாங்கல" என்று சொல். உண்மையான கூட்டாளி கேட்டுக்கொள்வான், மற்றவர்களை அவனே பார்த்துக்கொள்வான். கேட்காதவனைக் கொஞ்ச நாள் தள்ளி வை.

ராத்திரியில் மனசு ரொம்பக் கனத்தால் தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767-க்குப் போன் அடி, 24 மணி நேரமும் எடுப்பார்கள். என்னையும் எந்நேரமும் எழுப்பலாம். வேலை தேடுவது பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஈசூன் வாருங்கள். அம்மா மீன் குழம்பு வைக்கிறாள்.

அன்புடன்,
அப்பா