லட்சம் கன அடியும் உன் அம்மாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இருவரும் நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மா அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "வெள்ளை வேட்டியைப் படம் பிடிக்கவா ஆப்பிரிக்கா போனீர்கள்?" என்று கேட்டிருந்தாய். கேலி நியாயமானதுதான். போனில் பதில் சொல்லத் தொடங்கினால் பேரன் வந்து பிடுங்கிக்கொள்வான் என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரலில் விக்டோரியா அருவிக்குப் போனால் சாரலைத்தான் பார்க்க முடியும், ஆகஸ்டுக்குப் பிறகு போங்கள் என்று விவரம் தெரிந்த எல்லாரும் சொன்னார்கள். அருவி ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கத்துப் பாறை பெரும்பாலும் காய்ந்துகிடக்கும். படம் தெளிவாக வரும். நான்தான் ஏப்ரல் என்று பிடிவாதமாக நின்றேன். காரணம் உனக்குத் தெரியாததா? என் வேலைக்காலம் முழுவதும் மதகுகளோடு கழிந்தது. எந்த வாய்க்காலுக்கு எத்தனை கன அடி, யாருக்கு எப்போது முறை, கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தண்ணீரைக் கண்டாலே மனம் பங்கு பிரிக்க ஆரம்பித்துவிடும். மனிதர் கை அதிகம் படாத ஒரு பெரிய ஆற்றை, அது நிறைந்து வரும் காலத்தில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

நயாகரா உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க, அங்கே வராமல் இங்கே போனோமே என்று உனக்கு மனத்தாங்கல். கோபித்துக்கொள்ளாதே. ஆண்டுச் சராசரியில் உன் நயாகராவில்தான் தண்ணீர் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவும் கனடாவும் 1950இல் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. சுற்றுலாக் காலத்தில் பகல் நேரத்தில் நொடிக்கு 1 லட்சம் கன அடி அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும்; மீதி மின்சாரத்துக்கு. நல்ல நிர்வாகம், பாராட்டுகிறேன். ஆனால் அதுவும் மதகு வைத்த தண்ணீர்தானே? ஓய்வுபெற்றவனை மறுபடியும் அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறாய்.

விக்டோரியாவாக விழும் ஜாம்பெசி ஆற்றிலும் ஏப்ரலில் சராசரியாக ஏறக்குறைய அதே 1 லட்சம் கன அடிதான் வருகிறது. ஜாம்பியா பக்கம் ஒரு மின் நிலையத்துக்குக் கொஞ்சம் திருப்புகிறார்கள்; பெரிய அணையான கரிபா அருவிக்கு வெகு கீழே இருக்கிறது. மேட்டூரில் இவ்வளவு திறந்தால் தலைப்புச் செய்தி, தண்டோரா, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. அங்கே வானம் நீலமாக இருந்தது, மழைக்காலம் முடிந்துகொண்டிருந்தது, ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மேலே அங்கோலாவிலும் வடமேற்கு ஜாம்பியாவிலும் பெய்த மழை, பரோட்சே சமவெளியில் பரந்து நின்று வாரக்கணக்கில் தாமதித்துத்தான் அருவிக்கு வருமாம். அந்தச் சமவெளி மூழ்கும்போது லோசி மக்களின் அரசர் பெரிய படகில் ஏறி மேட்டு நிலத்து அரண்மனைக்குக் குடிபெயர்வார். குவோம்போகா என்று திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். வெள்ளம் வந்தால் விழா எடுக்கும் ஊர்!

இனி, வெள்ளை வேட்டி விஷயம். மலையிலிருந்து ஆறு இறங்குகிற அருவி அல்ல அது. சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆறு, பாறையில் குறுக்கே கிடக்கும் ஒரு வெடிப்புக்குள் அப்படியே விழுந்துவிடுகிறது. அகலம் 1,708 மீட்டர், ஆழம் 108 மீட்டர். ஆனால் எதிர்ச்சுவர் நூறு மீட்டர் சுமாருக்குத்தான் தள்ளி இருக்கிறது. அதன் உச்சியும் ஆற்று மட்டத்திலேயே இருப்பதால் நாம் அருவிக்கு நேர் எதிரே நிற்கலாம். விழும் தண்ணீர் அமுக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. சாரலைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. மேலே போனது திரும்ப மழையாக நம் தலையில் கொட்டுகிறது. அந்த மழையை நம்பியே எதிர்க்கரையில் ஒரு சிறு காடு இருக்கிறது, அத்தி மரங்களும் ஈச்சைகளும் பெரணிகளுமாக. ஒரு புள்ளிமான் போன்ற ஜாதி, புஷ்பக் என்கிறார்கள், நனைந்த முதுகோடு எங்களைச் சட்டை செய்யாமல் தழை தின்றுகொண்டிருந்தது.

உன் அம்மா குற்றாலத்தில் சீசனிலேயே கரையில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பவள், உனக்குத் தெரியும். ஜிம்பாப்வே பக்க வாசலில் வாடகைக்கு வாங்கிய மழைக்கோட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, முழங்கால் வலியை முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள். பிரதான அருவிக்கு எதிரே வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை, வெள்ளை, இரைச்சல். நான் வழக்கம்போல உயரத்தையும் வரத்தையும் பெருக்கி மனக்கணக்குப் போட்டேன். மூவாயிரம் மெகாவாட்டுக்கு மேல் வந்தது. சொல்லலாம் என்று திரும்பினால் அம்மா கோட்டின் தொப்பியைத் தள்ளிவிட்டு முகத்தை மேலே தூக்கி நிற்கிறாள். கொண்டை அவிழ்ந்து, குங்குமம் கரைந்து மூக்கில் வழிகிறது. வாயைத் திறந்து சிரிக்கிறாள். சத்தம் கேட்கவே இல்லை. தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிப்பு என்று தெரிந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை என்று கழற்றிப் பையில் வைத்தேன். பிறகு நானும் கோட்டைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் எங்களைப் பார்த்துக் கைதட்டியது. திரும்பி வரும் வழியில் வெயில் முதுகில் பட்டபோது வானவில் ஒன்று எங்கள் பாதத்துக்குக் கீழே வரை வளைந்து, ஏறக்குறைய வட்டமாகவே நின்றது. அதற்குள் அம்மா இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள், முழங்கால் எங்கே போயிற்றோ.

1855இல் வந்த பிரிட்டிஷ் பயணி லிவிங்ஸ்டன் தன் நாட்டு ராணியின் பெயரை வைத்துவிட்டுப் போனார். சிலையும் அங்கேயே இருக்கிறது. ஊர்க்காரர்களின் பெயர் மோசி-ஓவா-துன்யா, இடி முழக்கும் புகை. எனக்கு அதுதான் வாயில் வருகிறது. 1905இல் கட்டிய ரயில் பாலத்துக்கும் போனோம். அங்கிருந்து கயிறு கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

பேரனுக்குக் கடிதத்தோடு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 2009இல் ஜிம்பாப்வே வெளியிட்ட நூறு டிரில்லியன் டாலர், நம் கணக்கில் கோடி கோடி. இப்போது செல்லாது, தெருவில் நினைவுப் பொருளாக விற்கிறார்கள். பின்பக்கத்தில் எருமைக்குப் பக்கத்தில் இருப்பது அதே அருவிதான், அம்மாவின் படத்தைவிடத் தெளிவாக. சுழிகளை எண்ணச் சொல், பதினான்கு வர வேண்டும். மருமகனிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா