சிப்பைத் திருப்பித் தருவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காலேஜ் புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் ஏடிமெகா328பி (ATmega328P) மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகள் எங்கள் கவுண்டருக்குத் திரும்பி வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, புரோகிராம் ஏறவே மாட்டேங்குது, வேற குடுங்க" என்பார்கள். எங்கள் மேஜையில் மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

காரணம் வேகம். புதுச் சிப்புக்குள் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இருந்தாலும், அதை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி செட் செய்துதான் கம்பெனி அனுப்புகிறது. சிப்பில் புரோகிராமை ஏற்றும் கருவியான புரோகிராமர் அனுப்பும் எஸ்சிகே (SCK) என்ற கடிகாரத் துடிப்பு இதில் கால்வாசிக்கும் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி (USBasp) என்ற புரோகிராமரைச் சும்மா விட்டால் 375 கிலோஹெர்ட்ஸில் பேசும். சிப் பதில் சொல்லாது. சிப்பில் எழுத கம்ப்யூட்டரில் ஓட்டும் ஏவிஆர்டியூட் (avrdude) கட்டளையில் -B 10 என்று சேர்த்துவிடுங்கள், 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். பெரிய B, சின்ன b வேறு வேலைக்கு. வேகத்தை மாற்ற முடியவில்லை என்று எச்சரிக்கை வந்தால் உங்கள் புரோகிராமரில் இருப்பது பழைய ஃபர்ம்வேர், அதாவது அதன் உள்ளே ஓடும் மென்பொருள் பழசு. அப்போது புரோகிராமர் போர்டில் ஜேபி3 (JP3) என்ற இடத்தில் ஜம்பரைப் போட்டுப் பாருங்கள், வேகம் குறையும். எழுத நேரமாகும், ஆனால் எழுதிவிடும்.

அப்புறம் வயர். 1, 17, 18, 19-ஆம் கால்களைச் சரியாகக் கொடுப்பவர்கள்கூட 7, 8-க்கு கரண்ட் கொடுத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். 20-ஐ 7-உடனும், 22-ஐ 8-உடனும் இணைக்க வேண்டும். முதலில் சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சரை மட்டும் படியுங்கள். 1இ 95 0எஃப் (1E 95 0F) என்று வந்தால் எல்லாம் சரி. 1இ 95 14 என்றால் அது பெயரின் கடைசியில் பி (P) இல்லாத 328. கட்டளையில் சிப்பின் பெயரை மாற்றினால் போதும்.

அடுத்தது ஃபியூஸ், அதாவது சிப் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் செட்டிங். ஃபியூஸ் என்றதும் வீட்டு மீட்டர் போர்டை நினைத்துப் பயப்பட வேண்டாம், இது எரிந்து போகிற சமாச்சாரம் இல்லை, மாற்றி மாற்றி எழுதலாம். ஆனால் இதில் 0 என்றால் ஆன், 1 என்றால் ஆஃப். யார் யோசித்தார்களோ! கடிகாரத்துக்கு வெளிக் கிரிஸ்டல் என்று செட் செய்துவிட்டுக் கிரிஸ்டலே போடாமல் விட்டால் சிப் ஊமையாகிவிடும். 9, 10-ஆம் கால்களில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் ஆளுக்கொரு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தால் பேச ஆரம்பிக்கும். ஃபியூஸ்களில் ஒன்றான ஹை ஃபியூஸில் டி9 (D9) இருந்த இடத்தில் 59 எழுதிவிட்டால்தான் சிக்கல். ரீசெட் கால் சாதாரணக் காலாகிவிடும், யூஎஸ்பிஏஎஸ்பியால் உள்ளே போகவே முடியாது. 12 வோல்ட் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். அதற்கான போர்டு எங்களிடம் இருக்கிறது; எங்களிடம் வாங்கிய சிப்புக்குக் காசு வாங்குவதில்லை.

நாங்கள் மாட்டியும் பேசாத சிப்பை மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவோம். வரும்போது சிப்பை மட்டும் பேப்பரில் மடித்துக் கொண்டு வராதீர்கள். வயரைப் பிடுங்காமல் பிரெட்போர்டோடு அப்படியே கொண்டு வாருங்கள். திரையில் வந்த எரரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்