ஏரிக்கரைக்கு இரண்டங்குலம்

அன்புள்ள கயல்,

பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசையில் போர் ஆடுகிற உன் ஆட்டத்துக்காக நீ அமைத்த களத்தின் படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய்க்குச் சட்டைப் பொத்தான் வரை வண்ணம் வைத்திருக்கிறாய். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் நிற்கிற தரை வந்தவாசி இல்லை, கண்ணு. பச்சைப் புல்லும் நடுவில் வட்டமாக நீலக் குட்டையும் வைத்தால் அது நீ இப்போது இருக்கிற ஊரின் பூங்கா. 1760 ஜனவரி 22-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசிச் சண்டையை அங்கே வைத்து ஆட முடியாது.

தப்பு உன் ஆட்டக் குழுவினருடையது இல்லை. ஏரி, குளம், குட்டை எல்லாவற்றையும் வெள்ளைக்காரர்கள் 'டாங்க்' என்ற ஒரே சொல்லால் எழுதிவைத்துவிட்டார்கள். படிக்கிறவருக்குத் தண்ணீர்தான் கண்ணில் நிற்கும். அன்றைய சண்டைக்கு வேண்டியதோ கரை. பிரெஞ்சுத் தளபதி லாலியின் இடப்பக்கம் அப்படி ஒரு கரையை அரணாக்கி, கப்பல்படை ஆட்களைப் பீரங்கியோடு அங்கே வைத்திருந்தது. ஆங்கிலேயத் தளபதி கூட் பக்கத்திலிருந்து போன குண்டு அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் பட்டு வெடித்தது. அங்கே இருந்தவர்களில் செத்தவர் போக மற்றவர் சிதறினார்கள். அந்த இடத்தை மீட்கப் பார்த்த பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி பிடிபட்டார். ஆட்டத்தின் உயிர்நிலையே அந்த மண்மேடு. அதைப் போய் நீலக் காகிதமாக வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்.

நீ நம் ஏரிக்கரை மேல்தானே சைக்கிள் பழகினாய்? கீழே வயலில் இறங்கி நின்றால் தண்ணீர் தெரியுமா? மண்சரிவு தெரியும், மேலே பனை தெரியும், அவ்வளவுதான்.

சரி, சொன்னால் போதாது என்று நானே ஒன்று செய்து பார்த்தேன். பழைய ஃபிரிட்ஜ் பெட்டியில் இருந்த தெர்மாகோலை அரிவாள்மனையில் அறுத்தேன் (அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை). சீக்கிரம் முடியட்டும் என்று ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் கரை முழுவதும் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்து கரைந்துபோனது. அந்த டப்பாவில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதலில் ஃபெவிகாலில் சலித்த மணலைக் கலந்து ஓர் இடுக்குகூட விடாமல் பூசிக் காயவிட வேண்டும். அதற்கு மேலும் ஸ்ப்ரே வேண்டாம், தூரிகை போதும். அங்கே வீட்டுச் சுவரில் குளிர் தடுக்க வைக்கிற நெருக்கமான நுரைப் பலகை, நீலத்திலும் இளஞ்சிவப்பிலும், கிடைக்கிறதாமே. அதை வாங்கு. மணி மணியாக உதிராது, உப்புத்தாள் போட்டால் சரிவு வழவழப்பாக வரும். ஸ்ப்ரேக்கு அதுவும் தாங்காது. அடியில் அட்டை வைக்காதே. பசை காயும்போது அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைத் துண்டுதான் சரி.

இரண்டாவது கரையை முறையாக அளந்து செய்தேன். முப்பது வருஷம் நிலம் அளந்த கை சும்மா இருக்குமா? உன் பொம்மைகள் நிஜ உருவத்தில் ஏறக்குறைய 56-ல் ஒரு பங்கு. கரையின் மேல்தளம் ஐந்தடி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். அச்சு அசலாக வந்தது. வீடியோவில் காட்டினேன். நீ ஒன்றும் சொல்லாமல், "அப்பா, தீப்பெட்டி ஒன்றை அதன் மேல் வையுங்கள்" என்றாய். வைத்தேன், உருண்டு விழுந்தது. பொம்மைப் பீரங்கியின் அடித்தட்டு அதைவிடப் பெரிது என்றாய். சிரிக்கவும் இல்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் குத்தியது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே அளவில் அரை மைல் கரை 47 அடி நீளம் வரும். உங்கள் மேசையே ஆறடி. அறுபதடிப் பனை ஓர் அடிக்கு மேல் நிற்கும். பக்கத்துக்கு ஏறக்குறைய 2,000 ஐரோப்பியர் நின்ற களத்தை நீங்கள் சில டஜன் பொம்மையில் ஆடும்போது, அளவு ஏற்கெனவே பொய்தான். ஆகவே தோற்றேன். கரை மேல்தளம் இரண்டங்குலம் வைத்துக்கொள். பனையை ஏழு அங்குலத்தில் நிறுத்து. ஊருக்கு இரண்டு குடிசை போதும். கோட்டையை முழுக்கக் கட்டாதே, மேசை ஓரத்தில் ஒரு கொத்தளமும் கொஞ்சம் மதிலும் இருந்தால் லாலி கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறார் என்று புரியும். அளவில் இவ்வளவு விட்டுக்கொடுத்துவிட்டேன். வடிவத்திலும் நிறத்திலும் விடமாட்டேன்.

முதலில், அந்தப் பிளாஸ்டிக் தென்னையை எடு. வளைந்து நிற்கிற கடற்கரைத் தென்னை அது. பனை நேராக நிற்கும். மூங்கில் குச்சியில் சணல் நூலை நெருக்கிச் சுற்றிப் பசை தடவு, தண்டின் வளையங்கள் வந்துவிடும். காகிதத்தை விசிறியாக மடித்து நுனியைக் கிழித்துப் பத்துப் பன்னிரண்டு ஓலையைப் பந்து போல் ஒட்டு. அதன் கீழே காய்ந்த ஓலை நாலைந்து தொங்க வேண்டும். அது இல்லாவிட்டால் பனை இல்லை.

அடுத்து பாறை. மரப்பட்டையை உடைத்து ஒட்டியிருக்கிறாய். அடுக்கடுக்காகப் பிளந்த பாறைக்கு அது பொருந்தும். நம் பக்கத்துக் குன்றில் கிடப்பது உருண்டை உருண்டையான கருங்கல். பலகை வெட்டிய மிச்சத்தை உப்புத்தாளில் உருட்டி எடு. சாம்பல் நிறம் பூசிக் காய்ந்தபின், தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு ஒட்டியிருக்கிற வெளிர்நிறத்தை மேலாக இழு. கூட் தன் படையைக் குன்றின் அடிவாரக் கல்தரை வழியாகத்தான் நகர்த்தினார், குதிரைப்படை அங்கே பாய முடியாது என்று. அதனால் பாறைகளை ஒரு மூலையில் அழகுக்குக் குவிக்காமல் அடிவாரம் முழுக்கத் தூவி வை.

வயலுக்கு என்ன செய்வது என்று கேட்டாய். பொங்கல் முடிந்த சமயம்தான், அறுத்த வயல் என்று வைத்துக்கொள். வாசலில் போடுகிற தென்னைநார் மிதியடி ஒன்று வாங்கிக் கத்தரியால் ஒட்ட வெட்டு. அறுத்த நெல்லின் தாள் மாதிரி அச்சாக அப்படியே இருக்கும். நடுவில் வரப்பு விட மறக்காதே, நாருக்குள் பொம்மை நிற்காது, வரப்பில் நிற்கும். குடிசைக் கூரைக்கு உன் அம்மா கோரைத் துண்டு ஒரு கட்டு வைத்திருக்கிறாள், பாய் நெய்கிறவரிடம் கழிவாகக் கிடைத்தது.

ஒரு பிடி மண் அனுப்பச் சொன்னாய். உங்கள் நாட்டுச் சுங்கத்தில் மண்ணை விடமாட்டார்கள். அதனால் வயலில் இருந்து மண் எடுத்துவந்து திண்ணையில் பரப்பி, பக்கத்தில் உட்கார்ந்து போஸ்டர் கலரைக் கலந்து கலந்து பார்த்தேன். ஏழாவது தடவை பொருந்தியது. ஈரமாக ஒன்று, காய்ந்தது ஒன்று என்று இரண்டு அட்டை பூசியிருக்கிறேன். எந்தக் கலர் எத்தனை சொட்டு என்று பின்பக்கம் இருக்கிறது. கோரைக் கட்டோடு வரும்.

நீ லாலி பக்கம் ஆடுவதாக அம்மா சொன்னாள். வெடிமருந்து வண்டியைக் கரைக்குள் நிறுத்தாதே.

அன்புடன்,
அப்பா